வகுப்பில் புரிகிறது, தனியாகப் போட்டால் தப்பாகிறது: வேலையோடு கல்லூரி அல்ஜீப்ரா

மாலைவகுப்பு எழுதியது:

வணக்கம். பள்ளி முடித்துப் பதினாறு வருடம் கழித்து, வேலைக்குப் போய்க்கொண்டே பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன். கல்லூரி அல்ஜீப்ரா கட்டாயப் பாடம். செமஸ்டரில் பாதி ஓடிவிட்டது.

ஆசிரியர் போர்டில் போடும்போது ஒவ்வொரு வரியும் புரிகிறது. அதே மாதிரிக் கணக்கைத் தனியாகப் போட்டால் பத்தில் நாலு தப்பு. விடையைப் பார்த்ததும் "மைனஸை விட்டுட்டோமே" என்று தெரிகிறது. கவனக்குறைவு என்று நினைத்து அடுத்த கணக்குக்குப் போகிறேன். மறுநாளும் அதே தப்பு.

ஒரு உதாரணம் (டைப் செய்ய வசதியாக மாறியை 'ய' என்று எழுதுகிறேன், சாய்கோடு வகுத்தலுக்கு):

(2ய + 1)/3 − (ய − 2)/4 = 5

முதல் நாள் எனக்கு 12.4 வந்தது. மறுநாள் புதிதாகப் போட்டேன், −1 வந்தது. புத்தகத்தில் விடை 10.

கேட்க நினைப்பது மூன்று. பழைய பள்ளிக் கணக்கை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் இதற்கு வரவேண்டுமா? இருபடிச் சமன்பாட்டில் காரணிப்படுத்துவதா, சூத்திரமா என்று எப்படி முடிவு செய்வது? வார்த்தைக் கணக்குகளை எங்கிருந்து ஆரம்பிப்பது? தினமும் முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும்.

---

சமக்குறி எழுதியது:

கவனக்குறைவு என்ற பேச்சை முதலில் விடுங்கள். கவனம் சிதறினால் தப்பு கண்ட இடத்தில் வரும். உங்களுக்கு வருவது குறிப்பிட்ட இரண்டு இடத்தில். அதை உங்கள் தப்பு விடைகளே காட்டிக்கொடுக்கின்றன. எடுத்துக் கேள்வியிலேயே திரும்பப் போடுங்கள்.

முதலில் 12.4. இரண்டால் பெருக்கி 1 கூட்டினால் 25.8, மூன்றால் வகுத்தால் 8.6. அடுத்தது 12.4 − 2 = 10.4, நாலால் வகுத்தால் 2.6. 8.6 − 2.6 = 6. வரவேண்டியது 5, ஒன்று அதிகமாக வந்திருக்கிறது. பகுதிகள் 3, 4 என்பதால் எல்லாவற்றையும் 12ஆல் பெருக்கியிருப்பீர்கள். ஆகவே இங்கே 1 பிசகு என்றால், பெருக்கிய வரியில் 12 பிசகு. +6 வரவேண்டிய இடத்தில் −6 எழுதினால் பிசகு சரியாக 12தான். நீங்கள் எழுதிய வரி இதுவாகத்தான் இருக்கும்:

8ய + 4 − 3ய − 6 = 60

எழுதியிருக்க வேண்டியது:

4(2ய + 1) − 3(ய − 2) = 60
8ய + 4 − 3ய + 6 = 60
5ய + 10 = 60
ய = 10

ஏன் இது திரும்பத் திரும்ப வருகிறது? பின்னத்தின் கோடு வகுத்தலை மட்டும் குறிப்பதில்லை, மேலே இருப்பதை மொத்தமாகக் கட்டி வைக்கும் அடைப்புக்குறி வேலையையும் அதுதான் பார்க்கிறது. 12ஆல் பெருக்கியதும் கோடு போய்விடும். கூடவே கட்டும் போய்விடும். அப்போது மைனஸ் முதல் உறுப்பான 'ய'வோடு நின்றுவிடுகிறது, −2ஐப் போய்த் தொடுவதில்லை. அதனால் 12ஆல் பெருக்குவதற்கு முன்பே, கேள்வியைத் தாளில் இறக்கும்போதே, தொகுதிக்கு அடைப்புக்குறி போட்டுவிடுங்கள். பிறகு 'மைனஸ், அப்புறம் 3' என்று பிரித்துப் படிக்காமல் −3 என்ற ஒரே எண்ணாக எடுத்து இரண்டு உறுப்புக்கும் கொடுங்கள்: −3 × ய, −3 × −2.

இப்போது −1. இடப்பக்கம் போட்டால் −1/3 + 3/4, அதாவது 5/12 வருகிறது. வரவேண்டிய 5இல் பன்னிரண்டில் ஒரு பங்கு. வலப்பக்கத்தை 12ஆல் பெருக்க மறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். அடியில் பகுதி எதுவும் இல்லாததால் '5ஐ ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று கண் கடந்துவிடுகிறது. அதை 5/1 என்று எழுதிக்கொண்டால் தப்பாது. ஒன்றைக் கவனித்தீர்களா? இரண்டாம் நாள் மைனஸைச் சரியாகக் கொடுத்திருக்கிறீர்கள். முதல் நாள் 12ஐச் சரியாகக் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டுமே உங்களுக்குத் தெரியும். ஒரே நாளில் சேர்ந்து வரவில்லை.

விடையைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதைச் சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துகிறோம். எவ்வளவு பிசகியது என்பதையும் பாருங்கள். எந்த வரிக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று பல சமயம் அந்த அளவே சொல்லிவிடும்.

இன்னொன்று, சமக்குறி. கால்குலேட்டர் பழக்கத்தில் அதை 'விடை என்ன' என்று கேட்கும் பொத்தானாகவே படிக்கிறோம். அதனால்தான் பலர் ஒரே வரியில் 5ய + 10 = 60 = 5ய = 50 என்று ஓட்டிவிடுகிறார்கள். அந்த வரி 60ம் 50ம் சமம் என்கிறது. 1557இல் ராபர்ட் ரெக்கார்ட் இந்தக் குறியை அறிமுகப்படுத்தியபோது, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறில்லை என்பதால் அவற்றைத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார். இருபுறமும் ஒரே மதிப்பு, அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. ஒரு வரிக்கு ஒரு சமக்குறி, குறிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கட்டும். தாள் கொஞ்சம் கூடுதலாகத்தான் செலவாகும், பரவாயில்லை.

---

பின்னக்கோடு எழுதியது:

மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். முதல் கேள்விக்கு என் பதில்: பள்ளிப் புத்தகத்தை முதலிலிருந்து எடுக்காதீர்கள். அதை முடிப்பதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். கீழே இருப்பதைக் கால்குலேட்டர் இல்லாமல் பத்து நிமிடத்தில் போட்டுப் பாருங்கள். தடுக்கிய இடத்தை மட்டும் எடுத்துப் படித்தால் போதும்.

2/3 − 5/4
−3², பிறகு (−3)²
5 − 2(ய − 3)
(ய + 6)/6 என்பதைச் சுருக்க முடியுமா?
√(9 + 16)
2³ × 2⁴, பிறகு (2³)⁴

விடைகள் வரிசையாக: −7/12, −9, 9, 11 − 2ய, ய/6 + 1 என்று பிரிக்கலாம், ஆனால் 6ஐ அடிக்க முடியாது, 5, 2⁷, 2¹².

இரண்டாவதைச் சும்மா விடாதீர்கள். −3² என்றால் முதலில் 3ஐ வர்க்கப்படுத்தி அதற்கு மைனஸ். இருபடிச் சூத்திரத்தில் நடு உறுப்பின் கெழு −5 என்றால், அடைப்புக்குறி இல்லாமல் தட்டினால் பெரும்பாலான கால்குலேட்டர்கள் −25 என்று காட்டும். வரவேண்டியது 25. சூத்திரம் மனப்பாடமாகத் தெரிந்தவர்களே இங்கே விழுகிறார்கள். எதிர்ம எண்ணை எங்கே பிரதியிட்டாலும் அடைப்புக்குறியோடுதான் பிரதியிட வேண்டும்.

மூன்றாவதில் 3(ய − 3) என்று வந்திருந்தால் 5 − 2ஐ முதலில் கழித்துவிட்டீர்கள் என்று பொருள். பெருக்கலுக்கு முன் கழித்தல் வராது.

நாலாவதுதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் விகிதமுறு கோவைகள் பாடம் முழுக்க இதன் மேல் நிற்கிறது. மேலும் கீழும் 6 இருக்கிறதே என்று அடித்துவிட்டு வெறும் 'ய' என்றோ 'ய + 1' என்றோ எழுதிவிடுவார்கள். ய = 6 போடுங்கள்: (6 + 6)/6 = 2. 'ய' என்றால் 6, 'ய + 1' என்றால் 7. இரண்டும் இல்லை. அடிக்கலாம் என்றால் அது மேலே இருக்கும் மொத்தத்தையும் பெருக்கும் காரணியாக இருக்க வேண்டும். கூட்டலில் ஒட்டிக்கொண்டிருப்பதை அடிக்க முடியாது. (ய² − 9)/(ய − 3) வந்தால் முதலில் மேலே (ய + 3)(ய − 3) என்று ஆக்குங்கள், பிறகு ய − 3ஐ அடியுங்கள், பக்கத்திலேயே 'ய ≠ 3' என்று குறித்துவையுங்கள்.

ஐந்தாவதில் 7 வந்ததா? (அ + ஆ)² என்பதை அ² + ஆ² என்று எழுதுவதும் இந்தத் தப்பும் உடன்பிறப்புகள். ஒரு விதி ஞாபகம் இல்லை, சந்தேகமாக இருக்கிறது என்றால் சின்ன எண்களைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். (2 + 3)² = 25, 4 + 9 = 13. 0, 1 இரண்டையும் போட்டுச் சோதிக்காதீர்கள், தப்பான விதிகூட அவற்றில் சரியாக வந்துவிடும்.

---

மாலைவகுப்பு எழுதியது:

ரொம்ப நன்றி. தப்பு விடையிலிருந்தே தப்பைப் பிடிக்கலாம் என்பது தெரியவே தெரியாது. பத்து நிமிடச் சோதனையில் நாலாவதும் −3²ம் தவறு. பின்னக் கழித்தலுக்கு மூன்று நிமிடம் எடுத்தது.

இருபடியில் இப்போது சிக்கியிருப்பது: ய² = 5ய. இரண்டு பக்கத்தையும் 'ய'வால் வகுத்து ய = 5 என்று எழுதினேன். பாதி மதிப்பெண்தான். அதோடு 6ய² + 11ய − 10 = 0 மாதிரி முன்னால் எண் இருந்தால் காரணி கண்டுபிடிக்கவே இருபது நிமிடம் போகிறது.

---

அரைக்கெழு எழுதியது:

'ய'வால் வகுக்கும்போது 'ய' பூச்சியம் இல்லை என்று நீங்களாகவே முடிவு செய்துவிடுகிறீர்கள். ஆனால் 0² = 5 × 0, அதுவும் ஒரு விடை. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து ய² − 5ய = 0 ஆக்கி, பொதுக் காரணியை வெளியே எடுங்கள்: ய(ய − 5) = 0. விடை 0, 5. மாறியால் வகுப்பதைக் கொஞ்ச நாள் சுத்தமாக நிறுத்திவையுங்கள்.

காரணியா சூத்திரமா என்பதற்கு: முதலில் தன்மைகாட்டி. நடுக்கெழுவின் வர்க்கத்திலிருந்து, முதல் கெழு × மாறிலி × 4ஐக் கழியுங்கள். உங்கள் கணக்கில் 121 − 4 × 6 × (−10) = 121 + 240 = 361. இது 19இன் வர்க்கம். முழு வர்க்கம் வந்தால் முழு எண்களாலேயே காரணிப்படுத்த முடியும், தேடலாம். வராவிட்டால் தேடி நேரத்தை வீணாக்காமல் சூத்திரத்துக்குப் போங்கள். இருபது நிமிடம் போகிறது என்றீர்களே, அரை நிமிடத்தில் இதைச் சோதித்துவிடலாம்.

தேடும் விதம்: 6 × (−10) = −60. பெருக்கினால் −60, கூட்டினால் 11 வரும் இரண்டு எண்கள் வேண்டும். பெருக்கல் மைனஸ் என்பதால் ஒன்று மிகை, ஒன்று குறை. ஆகவே 60இன் காரணி ஜோடிகளில் வித்தியாசம் 11 ஆக இருப்பதைத் தேடுங்கள்: 60ம் 1ம், 30ம் 2ம், 20ம் 3ம், 15ம் 4ம். கிடைத்துவிட்டது, +15, −4.

6ய² + 15ய − 4ய − 10 = 0
3ய(2ய + 5) − 2(2ய + 5) = 0
(2ய + 5)(3ய − 2) = 0

விடை −5/2, 2/3. இரண்டாவது வரியில் −4ய − 10இலிருந்து −2ஐ வெளியே எடுக்கும்போது உள்ளே +5 ஆகிறது, −5 இல்லை. இரண்டு அடைப்புக்குறிகளும் ஒரே மாதிரி வராவிட்டால் தப்பு பெரும்பாலும் இங்கேதான்.

வர்க்கப்பூர்த்தி பாடம் அடுத்து வரும். அதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்யாமல் படமாகப் பாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி காட்டிய அதே படம், அவருடைய எண்களே: ய² + 10ய = 39. பக்கம் 'ய' உள்ள ஒரு சதுரம் வரையுங்கள். 10யவை இரண்டாகப் பிளந்தால் நீளம் 'ய', அகலம் 5 உள்ள இரண்டு செவ்வகங்கள். ஒன்றைச் சதுரத்தின் வலப்புறம் ஒட்டுங்கள், மற்றதைக் கீழே. மூலையில் 5க்கு 5 காலியாக இருக்கும். அந்த 25ஐப் போட்டு நிரப்பினால் பெரிய சதுரம் முழுமையாகிறது, பரப்பு 39 + 25 = 64. ஆகவே ய + 5 = 8, ய = 3. 'பாதியாக்கி வர்க்கப்படுத்திக் கூட்டு' என்ற விதி அந்தக் காலி மூலைதான். இதை ஒரு தடவை கையால் வரைந்துவிட்டால் மறக்காது. நீளங்கள் என்பதால் அவர் 3ஐ மட்டுமே விடையாக எடுத்தார். நாம் ய + 5 = −8 என்பதையும் சேர்த்து −13 என்றும் எழுத வேண்டும்.

---

கலவை எழுதியது:

வார்த்தைக் கணக்கைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான்.

சமன்பாடு தோன்றவில்லை என்றால், சமன்பாடே எழுதாதீர்கள். முதலில் ஒரு விடையை ஊகித்துச் சரிபாருங்கள். 20% கரைசலையும் 50% கரைசலையும் கலந்து 30% கரைசல் 30 லிட்டர் வேண்டும், ஒவ்வொன்றும் எவ்வளவு? சும்மா 20% கரைசல் 10 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மற்றது 30 − 10 = 20 லிட்டர். கரைந்திருக்கும் பொருள் 0.2 × 10 = 2, 0.5 × 20 = 10, மொத்தம் 12. இருக்க வேண்டியது 0.3 × 30 = 9. ஊகம் தப்பு. ஆனால் சமன்பாடு உங்கள் கையில் இருக்கிறது. இப்போது செய்த கணக்கை அப்படியே ஒரு வரியாக எழுதி, 10 இருந்த இடத்திலெல்லாம் 'ய' போடுங்கள்:

0.2ய + 0.5(30 − ய) = 9

இதிலிருந்து 15 − 0.3ய = 9, ய = 20. மற்றது 10 லிட்டர். 4 + 5 = 9, சரி.

ஊகிக்கும்போது 20ஐ நேரடியாக எழுதாமல் '30 − 10' என்று பிரித்தே எழுதுவது அவசியம். இல்லாவிட்டால் 'ய' எங்கே போகும் என்று தெரியாமல் போய்விடும். வேகம், வயது, வட்டி எல்லாவற்றுக்கும் இதே வழி. முதல் வரியில் "ய = 20% கரைசலின் அளவு, லிட்டரில்" என்று அலகோடு எழுதிவிடுங்கள். கணக்கு முடிந்ததும் 'ய'வைக் கண்டுபிடித்துவிட்டு, கேட்டது வேறு என்பதை மறந்து நிறுத்திவிடுபவர்கள் நிறைய.

முக்கால் மணி நேரத்துக்கு: முதல் பத்து நிமிடம் போன வாரம் தப்பாகிய கணக்குகளில் இரண்டை, பழைய தாளைப் பார்க்காமல். அடுத்து மாதிரிக் கணக்கு ஒன்று, விடையை ஒரு காகிதத்தால் மூடிக்கொண்டு. ஒரு வரி நீங்கள் எழுதிய பிறகுதான் காகிதம் ஒரு வரி இறங்க வேண்டும். போர்டில் பார்த்தால் புரிகிறது, தனியாக வரவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. அடுத்த வரியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை இதுவரை ஆசிரியர் உங்களுக்காகச் செய்துகொண்டிருந்தார். மீதி நேரம் பயிற்சிக் கணக்குகள், ஒரே பகுதியிலிருந்து பத்து எடுக்காமல் மூன்று பகுதிகளிலிருந்து கலந்து. ஒரே வகை பத்து போட்டால் எந்த முறை என்று யோசிக்க வேண்டிய தேவையே வராது. தேர்வில் அதுதான் முதல் வேலை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். முக்கால் மணி, ஆறு நாள் போதும்.

---

மாலைவகுப்பு எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். காகிதத்தால் மூடிப் போடுவது முதல் மூன்று நாள் மிகக் கஷ்டம், இப்போது பழகிவிட்டது. நேற்றுப் பத்தில் எட்டு சரி. மீதி இரண்டில் ஒன்றைத் திரும்பப் போட்டுப் பார்த்து நானே பிடித்தேன், வலப்பக்கத்தைப் பெருக்க மறந்திருக்கிறேன்.

இன்னொன்றுதான் புரியவில்லை: ய/(ய − 3) = 3/(ய − 3) + 2. எல்லாவற்றையும் ய − 3ஆல் பெருக்கினேன், 2ஐயும் விடவில்லை. ய = 3 + 2(ய − 3), அதிலிருந்து ய = 3. திரும்பப் போட்டால் அடியில் பூச்சியம் வருகிறது. எந்த வரியில் தப்பு?

---

சமக்குறி எழுதியது:

எந்த வரியிலும் தப்பு இல்லை. நீங்கள் எழுதிய விதம் சுத்தமாக இருக்கிறது. ய − 3ஆல் பெருக்கலாம் என்பது அது பூச்சியமாக இல்லாதவரைதான். ய = 3 என்றால் நீங்கள் பெருக்கியது பூச்சியத்தால், அதன் பிறகு வரும் வரிகள் பழைய சமன்பாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆகவே விடை: தீர்வு இல்லை. பகுதியில் மாறி இருந்தால் கணக்கைத் தொடங்கும் முன்பே 'ய ≠ 3' என்று முதல் வரியில் எழுதிவிடுங்கள்.

இதே பொறி இன்னும் இரண்டு இடத்தில் வரும். √(ய + 6) = ய என்பதை வர்க்கப்படுத்தினால் ய² − ய − 6 = 0, விடை 3, −2. ஆனால் −2 போட்டால் √4 = −2 என்றாகிறது, வர்க்கமூலக் குறி மிகை மதிப்பை மட்டுமே தரும், எனவே −2 தள்ளுபடி. மற்றது மடக்கை (லாகரிதம்), உங்களுக்கு அடுத்த மாதம் வரும். பத்தடிமான மடக்கையில் மடக்கை ய + மடக்கை (ய − 3) = 1 என்றால் ய(ய − 3) = 10, விடை 5, −2. மடக்கைக்குள் பூச்சியமோ குறை எண்ணோ போகாது. முதல் வரியில் 'ய > 3' என்று எழுதியிருந்தால் −2 தானாகவே விழுந்துவிடும்.